ஏரிப் பாடத்துக்கு எது பொருந்தும்: விளக்கமா, செயல்திட்டமா, சிக்கலா?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. ஏன்? எட்டாம் வகுப்பில் நீர்வளம் நடத்தும் ஆசிரியர் இந்தக் கேள்வியை மூன்று விதமாகக் கையாளலாம்.

கரும்பலகையில் விளக்கினால் இரண்டு பாடவேளையில் முடிந்துவிடும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கையும் வரைபடத்தில் காட்டிவிடலாம். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வரைபடம் படிக்கத் தெரியாத பிள்ளையால் எதையும் ஆராய முடியாது.

செயல்திட்டம் பாடம் முடிந்த பிறகு வருவது. ஏற்கெனவே தெரிந்த விடை சார்ட் அட்டையில் அழகாக ஏறுகிறது. பாதி வேலையைப் பெற்றோர் செய்கிறார்கள். மூன்றில் இதுதான் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது.

சிக்கல் வழிக் கற்றலில் வரிசையே தலைகீழ். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி இப்படித்தான் தொடங்கியது: நோயாளியின் நிலை முதலில், அதைப் புரிந்துகொள்ளத் தேவையான பாடம் பிறகு. நம் வகுப்பிலும் கேள்வியை மட்டும் எழுதிப்போட்டு, என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், எங்கே தேடுவது என்று பிள்ளைகளையே பட்டியலிடச் சொல்லலாம். 'மழை அதிகம்' என்ற முதல் பதில் 2019க்குப் பொருந்தாது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பழைய வரைபடமும் புதிய வரைபடமும் மேசைக்கு வரும். சதுப்பு நிலம் சுருங்கிய இடத்தில் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் தெரியும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகும் ஏன் இந்த நிலை என்று ஒருவர் கேட்பார். ஏரிக்கரையில் குடியிருக்கும் குடும்பத்தை எங்கே அனுப்புவது என்று இன்னொருவர் கேட்பார். அதற்குப் பாடநூலின் பின்பக்கத்தில் விடை கிடையாது. சமூக அறிவியல் உண்மையில் தொடங்குவது அங்கேதான் என்று நம்புகிறேன்.

விலையும் உண்டு. ஐந்தாறு பாடவேளை போய்விடும். வரைபடம், செய்தித்தாள் நறுக்குகள், மழையளவு அட்டவணை ஆகியவற்றை ஆசிரியர் முன்கூட்டியே திரட்டாவிட்டால், வீட்டில் கேட்ட கருத்துகளைத்தான் பிள்ளைகள் திரும்பச் சொல்வார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் குழுவுக்கு ஒருவர் பேச, மற்றவர்கள் ஒதுங்கிவிடும் அபாயமும் இருக்கிறது.

எனவே பருவத்துக்கு ஒரு பாடம் போதும். வரைபடத்தை நேரடியாகக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சிக்கலைக் கொடுங்கள். வளரறி மதிப்பீட்டில், அதாவது பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டில், செயல்பாடுகளுக்கு மதிப்பெண் இருந்தால் அதை இதற்கே தரலாம். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் செம்பரம்பாக்கத்தை விட்டுவிட்டு, பள்ளிக்குப் பக்கத்துக் கண்மாய்க்கு வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.