பேக்ஹோ லோடரில் ஹைட்ராலிக் மந்தமா? பிரஷர் கேஜும் ஃப்ளோ மீட்டரும்

பூம் சோம்பலாக எழுகிறது, பக்கெட் மண்ணில் இறங்கியதும் திணறுகிறது என்றாலே பலர் நேராகப் பம்பைக் கழற்றப் போய்விடுகிறார்கள். கோளாறு ரிலீஃப் வால்விலோ (பிரஷர் அளவு மீறும்போது ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வ்) சக்‌ஷன் ஹோஸிலோ (டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் போகும் குழாய்) இருந்தால், புது பம்ப் மாட்டியும் வண்டி அப்படியேதான் இருக்கும். முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் கழற்றுங்கள்.

எதை வைத்து அளப்பது என்பதற்கு முன்னால், வண்டி முழுக்க மந்தமா, ஒரு வேலை மட்டும் மந்தமா என்று பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும்தான் என்றால் பம்பை விட்டுவிடலாம். அந்த சிலிண்டரின் சீல், அதன் ஸ்பூல் (கண்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பிவிடும் தண்டு), அந்த லைனில் உள்ள ரிலீஃப் வால்வ், இந்த மூன்றில்தான் தேட வேண்டும். எல்லாமே மந்தம் என்றால் ஆயில் அளவு, அடைத்துப்போன ஸ்ட்ரெய்னர் (ஆயில் வடிகட்டி), காற்று இழுக்கும் சக்‌ஷன் ஹோஸ். டேங்கில் நுரையும் பம்பில் ஊளைச் சத்தமும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் அந்த ஹோஸ் மேல்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பிரஷர் கேஜ். 400 பார் வரை காட்டுவது போதும், பேக்ஹோ லோடர்களில் மெயின் ரிலீஃப் (முழு சிஸ்டத்துக்குமான ரிலீஃப் வால்வ்) பெரும்பாலும் 200 முதல் 250 பாருக்குள் இருக்கும், உங்கள் மாடலுக்கான அளவை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் சூடான பிறகு கேஜை டெஸ்ட் போர்ட்டில் (பிரஷர் அளக்கவே விட்டிருக்கும் இணைப்பு வாய்) மாட்டி, ஒரு சிலிண்டரைக் கடைசிவரை ஓட்டி லீவரை அப்படியே பிடித்தால் முள் ஏறி ஓரிடத்தில் நிற்கும். எந்த வேலையைச் செய்தாலும் அது ஒரே மாதிரி கீழேயே நின்றால் மெயின் ரிலீஃபைப் பாருங்கள், தூசி சிக்கி மூடாமல் இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

ஆனால் கேஜுக்கு ஒரு குறை உண்டு. சிலிண்டர் முட்டி நிற்கும்போது அதற்குள் ஆயில் போக வேண்டியதே இல்லை. அதனால் தேய்ந்த பம்பும் அந்த நேரத்தில் முழு பிரஷரைக் காட்டிவிடலாம். பிரஷர் என்பது பலம், வேகத்தைத் தருவது ஃப்ளோ. பிரஷர் சரியாக இருந்தும் பூம் மெதுவாக எழுகிறது, அதுவும் ஆயில் சூடான பிறகு இன்னும் மோசம் என்றால் கேஜிடம் பதில் கிடைக்காது.

அங்கேதான் ஃப்ளோ மீட்டர். பம்புக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் நடுவில் மாட்டி, எஞ்சின் வேகத்தை மாற்றாமல், லோடு இல்லாதபோது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மீட்டரோடு இருக்கும் லோடு வால்வை (ஆயில் போகும் வழியைக் குறுக்கும் வால்வ்) மெல்ல மூடி பிரஷர் ஏறும்போது எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல பம்பில் சிறிதளவே குறையும், தேய்ந்ததில் சரசரவென்று இறங்கும். இவ்வளவு தெளிவான பதிலை வேறு எதுவும் தராது. ஆனால் ஆபத்தும் இதில்தான் அதிகம்: மெயின் ரிலீஃப் பெரும்பாலும் கண்ட்ரோல் வால்வுக்குள் இருப்பதால், லோடு வால்வை முழுக்க மூடினால் ஆயிலுக்குப் போக வழியே இல்லை, பம்போ ஹோஸோ வெடித்துவிடும். ரிலீஃப் அளவை நெருங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

என் கணக்கில் எப்போதும் கேஜ்தான் முதலில், சொந்தமாக வாங்கி வைப்பதென்றாலும் அதுதான். ஃப்ளோ மீட்டரைப் பம்ப் மாற்றும் முடிவுக்கு முன் இரவலாக வாங்கினால் போதும். எதை மாட்டுவதானாலும் பக்கெட்டுகளைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, லீவர்களை ஆட்டி பிரஷரை இறக்கிவிடுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.