கணினி எழும்பவில்லை: வீட்டிலேயே பார்ப்பதா, டவுன் கடைக்குக் கொண்டுபோவதா?

மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்ட வீட்டில் கணினி எழும்பவில்லை என்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏற வேண்டும். அக்கரப்பத்தனைக்காரர் தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ போவார்; ஹப்புத்தளையில் இருப்பவருக்குப் பண்டாரவளை. கொண்டுபோக ஒரு நாள், எடுத்துவர இன்னொரு நாள். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இரண்டு நாள் பேரும், அதாவது கூலியும், போய்விடும். ஆகவே வீடா கடையா என்ற கேள்வியில் தொழில்நுட்பம் பாதி, நாட்கூலி பாதி.

பழுது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. சுவிட்சை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லையா? விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா? நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லையா? மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்லும் கடையை நான் நம்புவதில்லை.

எந்த அசைவும் இல்லை என்றால்

இங்கே கடையின் கைதான் ஓங்கியிருக்கிறது. கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்களைத் தருகிறது. ஒவ்வொன்றும் ஐந்து சதவீதத்துக்குமேல் கூடவோ குறையவோ கூடாது. 12 வோல்ட் கம்பியில் 11.4க்குக் கீழே இறங்கினால் கணினி தடுமாறும். மல்டிமீட்டரும், மாற்றிப் பார்க்க நல்ல பவர் சப்ளை ஒன்றும் இல்லாமல் வீட்டில் இதைக் கண்டுபிடிப்பது வெறும் ஊகம்தான்.

ஆனாலும் பஸ் ஏறுமுன் சிலவற்றை வீட்டில் பார்த்தே ஆக வேண்டும். மின்வெட்டில் பேட்டரியால் கணினியை ஓட்டும் யூபிஎஸ் வைத்திருந்தால் அதைத் தவிர்த்துச் சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள். அதன் பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். அப்போது குற்றம் யூபிஎஸ்ஸில், பழி கணினியின்மேல். பழைய லயன் வீடுகளில் உருண்டை முனைச் சொக்கெட்டில் அடாப்டரைச் செருகி, அதற்குமேல் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருப்பார்கள். அந்த இணைப்பு தளர்ந்து கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் பின்புறச் சுவிட்சைப் பிள்ளைகள் அணைத்துவிடுவதும் உண்டு. பிளக்கைக் கழற்றி, முன் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

முன் பொத்தானே உடைந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது. அதன் மெல்லிய வயர் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் இரண்டு முனைகளில் செருகப்பட்டிருக்கும். வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும்பும். எழும்பினால் பழுது பொத்தானில்தான். இதைப் பார்க்காமல் புதிய பவர் சப்ளை வாங்கியவர்கள் நிறையப் பேர்.

பவர் சப்ளையின் உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்னோட்டமாக (டிசி) மாறி மின்தேக்கியில் நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

இந்தப் பழுதில் வீடுதான் வெல்லும் என்பது என் உறுதியான கருத்து. மலைநாட்டின் ஈரத்தில் ராம் என்ற நினைவகப் பலகையின் தொடுமுனைகளும் அது அமரும் இடமும் மங்கிப்போகின்றன. மேற்குச் சரிவில் மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்துக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. கிழக்குச் சரிவில் பதுளை, பசறைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவ மழை. ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாட்கணக்கில் மூடிக் கிடந்த கணினி மழைக்காலத்தில் எழும்பவில்லை என்றால் முதலில் ராமைத்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை வெளியேற்றுங்கள். ராமைக் கழற்றி, தங்கநிற முனைகளை மெல்லிய துணியில் ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். பலரும் பென்சில் அழிப்பானால் தேய்க்கிறார்கள். பலன் தருகிறது, ஆனால் அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும். காய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விசைப்பலகையில் நம்லொக்கை அழுத்தும்போது அதன் விளக்கு அணைந்து எரிகிறது என்றால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. பழுது திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில் திரைக் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தாலும் இதே கறுப்புத்தான்.

அடுத்தது மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரி. சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். கணினி பிளக்கில் இருக்கும்வரை இது பெரும்பாலும் செலவாவதில்லை. பிளக்கைக் கழற்றினால்தான் கரையத் தொடங்கும். இடிக்குப் பயந்து ஒவ்வொரு மாலையும் பிளக்கைக் கழற்றும் நம் வீடுகளில் அது சீக்கிரம் தீர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். தீர்ந்தால் திகதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். சில போர்டுகளில் ஹார்ட் டிஸ்க்கை அணுகும் முறையும் மாறிவிடுவதால் விண்டோஸ் ஏறாமல் நீலத்திரை வரும். அப்போது ‘விண்டோஸ் போய்விட்டது’ என்பார்கள்; உண்மையில் தேவைப்படுவது ஒரு பேட்டரியும், கணினியின் தொடக்க அமைப்புத் திரையான பயோஸில் அந்த அமைப்பைத் திருத்துவதும்தான்.

கடைக்குக் கொண்டுபோனால் என்ன வேறுபாடு? அவர்களும் முதலில் ராமைத்தான் கழற்றித் துடைப்பார்கள். திரும்பிவரும் பஸ்ஸின் குலுக்கலில் அது மறுபடி தளரலாம். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் மதர்போர்டு கீழே வரும்படி பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். கனமான விசிறி போர்டை இழுக்காது. வீட்டில் இவ்வளவும் செய்தும் கறுப்பாகவே இருந்தால், அல்லது போர்டில் உப்பிய மின்தேக்கிகள் தெரிந்தால், அது கடை வேலை.

விண்டோஸ் மட்டும் வரவில்லை

கடைகளோடு எனக்குத் தகராறு இந்த இடத்தில்தான். பெரும்பாலான இடங்களில் முதல் வார்த்தையே ‘போர்மட்’, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது. வேலை சுலபம், நேரம் தெரிந்தது. ஆனால் அந்த டிஸ்க்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் குறிப்புகளும், இறந்துபோன அப்பாயியின் படங்களும் இருக்கும். கணினியை மீண்டும் வாங்கலாம், அவற்றை எங்கே வாங்குவது?

வீட்டு வழி மெதுவானது, ஆனால் கோப்புகளுக்குப் பாதுகாப்பானது. தொடர்ந்து சில தடவை எழும்பாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அதிலுள்ள ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கோப்புகளைத் தொடாது. அது பலிக்காவிட்டால், தெரிந்தவர் கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பி, வேண்டியவற்றை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கலாம். பிறகு போர்மட் செய்தாலும் நட்டம் இல்லை. புதிய கணினிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கக்கூடும். மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் உள்ளே சேதம் கூடுகிறது. கடைக்குப் போனாலும், “தம்பி, போர்மட் செய்ய வேண்டாம், முதலில் கோப்புகளை எடுத்துத் தாருங்கள்” என்று சொல்லி, அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

பழுதுபார்ப்பதா, பழைய பெட்டி வாங்குவதா?

பவர் சப்ளை போனால் பழுதுபார்ப்பதைவிடப் புதியது நல்லது. மாற்றிய மின்தேக்கி எந்தத் தரம் என்று நமக்குத் தெரியாது. மறுபடி போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். டெல், ஹெச்பி அலுவலகக் கணினிகள் பலவற்றில் இணைப்பு முனைகள் வேறு. சாதாரண பவர் சப்ளை பொருந்தாது, பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியே வாங்க வேண்டும்.

போர்டே போய்விட்டது என்றால் கடைக்காரர் பாவித்த கணினியைக் காட்டுவார். விலை மலிவுதான். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டியை வாங்குபவர் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தால் அது நல்ல வியாபாரம். விண்டோஸ்தான் வேண்டும் என்பவர் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து எட்டாம் தலைமுறைக்குப் போகட்டும்.

இடியைப் பற்றி ஒன்று. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இரண்டு சரிவுகளுக்கும் பொது. ஸ்டெபிலைசர் அழுத்த ஏற்ற இறக்கத்துக்கும், யூபிஎஸ் மின்வெட்டுக்கும்தான் உதவும்; பக்கத்தில் விழும் மின்னலை இரண்டுமே நிறுத்தாது. பிளக்கைக் கழற்றுவதே வழி. அதோடு ரவுட்டரின் தொலைபேசி வயரையும் கணினிக்கு வரும் கேபிளையும் கழற்றுங்கள், ஏனென்றால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த வழியாக மின்னல் மதர்போர்டுக்கு வந்துவிடும்.