எல்லாப் பெயரையும் மறைப்பதா, ஒரு பெயரை மட்டுமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங் டேபிளை ஒட்டி ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். ஆன் செய்ததும் நாலு பயனர் கணக்கின் பெயர் வரிசையாக வரும்: பேக்கிங், ஸ்டோர், முதலாளி, நாலாவதாக 'சம்பளம்'. சனிக்கிழமைதோறும் கூலி போடுகிற ஊரில் அந்த நாலாவது பெயரை யார் சும்மா விடுவார்கள்? அதன் பாஸ்வேர்டு பைக் நம்பர்தான் என்பதும் ஃப்ளோரில் பாதிப் பேருக்குத் தெரியும். "தம்பி, அந்தப் பேரு திரையில தெரியாம பண்ணீரலாமுங்களா?" என்று கேட்டார் முதலாளி.

பண்ணலாம், இரண்டு விதமாக.

ஒன்று, எல்லாப் பெயரையும் எடுத்துவிடுவது. விண்டோஸ் ப்ரோவில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் 'டோன்ட் டிஸ்ப்ளே லாஸ்ட் சைன்ட்-இன்' என்பதை எனேபிள் செய்ய வேண்டும். ஹோம் பதிப்பில் அந்தப் பாலிசி ஜன்னல் கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'டோன்ட் டிஸ்ப்ளே லாஸ்ட் யூசர்நேம்' என்ற மதிப்பை 1 ஆக்கினால் அதே பலன். அதன்பிறகு பெயருக்கு ஒரு பெட்டி, பாஸ்வேர்டுக்கு ஒரு பெட்டி, இரண்டும் காலியாக நிற்கும்.

இதைப் போட்ட மறுநாள் காலையே போன். ஸ்டோர் அக்காவால் உள்ளே போக முடியவில்லை. 'ஸ்டோர்' என்றுதான் அடித்தேன் என்கிறார், அடித்தது சரிதான். ஆனால் அந்தக் கணக்கை முதலில் 'யூசர்' என்று தொடங்கி, பின்னால் கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றினால் திரையில் காட்டும் பெயர்தான் மாறும், உள்ளே நுழையும் பெயர் பழையதாகவே இருக்கும். இந்த வழிக்குப் போகிறவர்கள் முதலில் கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) 'நெட் யூசர்' என்று அடித்து, உண்மையான பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். (தாளை மானிட்டரில் ஒட்டிவிடாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.)

இன்னொன்று, ஒரு பெயரை மட்டும் ஒளிப்பது. ரெஜிஸ்ட்ரியில், உள்நுழைவைக் கவனிக்கும் வின்லாகான் பகுதிக்குக் கீழே 'ஸ்பெஷல் அக்கவுண்ட்ஸ்', அதற்குள் 'யூசர்லிஸ்ட்' என்று நாமே கீ (ஃபோல்டர் மாதிரி) உருவாக்கி, கணக்கின் பெயரில் ஒரு டிவேர்ட் (எண்) மதிப்பு வைத்து 0 கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் தங்கள் பெயரைத் தட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தொந்தரவில்லை. கேட்க இதுதான் நல்லதாகத் தோன்றும்.

இதில்தான் நான் மாட்டினேன். வேறொரு இடத்தில், இருந்த ஒரே அட்மின் கணக்கை (மாற்றங்களுக்கு அனுமதி தரும் கணக்கு) இப்படி ஒளித்துவிட்டேன். ப்ரின்டர் டிரைவர் போடப் போனால் அனுமதி கேட்கும் பெட்டியிலும் அந்தப் பெயர் இல்லை. 'யெஸ்' பட்டன் மங்கிப்போய்க் கிடக்கிறது. உள்ளேயும் போக முடியாது, மாற்றவும் முடியாது. கடைசியில் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரெஜிஸ்ட்ரி கோப்பை வெளியிலிருந்து ஏற்றி, அந்த 0-ஐ அழித்துவிட்டு வந்தேன். ஒரு மத்தியானம் போச்சு.

லினக்ஸில் இந்த வம்பில்லை. உபுண்டுவின் ஜிடிஎம் என்ற லாகின் திரையில் ஒரு கணக்கை மட்டும் ஒளிக்க, அக்கவுண்ட்ஸ் சர்வீஸ் கோப்பில் 'சிஸ்டம் அக்கவுண்ட்' என்பதை ட்ரூ ஆக்கினால் போதும். 'நாட் லிஸ்டட்' என்பதைத் தட்டிப் பெயரை அடித்து நுழைந்துகொள்ளலாம். மேக்கில் லாக் ஸ்க்ரீன் அமைப்பில் 'நேம் அண்ட் பாஸ்வேர்ட்' என்று மாற்றினால் பட்டியல் மறையும். ஆனால் ஃபைல்வால்ட் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால், பூட் ஆகும்போது பெயர்கள் வந்து நிற்கலாம்.

பனியன் கம்பெனிக்கு முதல் வழியையே விட்டுவைத்தேன். நாலு பேர் பெயர் அடிக்கப் பழகுவது, நான் பென்டிரைவோடு ஓடுவதைவிட மேல். கூடவே பைக் நம்பர் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன். பெயர் தெரிந்தவனுக்கு மறைப்பு ஒரு தடையே இல்லை, பாஸ்வேர்டுதான் பூட்டு.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். முதலாளி லாக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார், திரும்பி வந்தால் திரையில் அவர் பெயர் பளிச்சென்று இருக்கிறதாம். லாக் ஆன திரைக்குத் தனிப் பாலிசி: அதே செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில், செஷன் லாக் ஆகும்போது பயனர் விவரம் காட்டுவது பற்றிய வரி. அதை 'டூ நாட் டிஸ்ப்ளே யூசர் இன்ஃபர்மேஷன்' என்று மாற்றச் சொல்லி, போனிலேயே வழி சொல்லி முடித்தேன்.