பில் எழுதித் தராத கடையில் பழைய மொபைல் வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிறிய கடையில் சென்ற மாதம் 8,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மொபைல் இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. அது திருட்டுப் பொருள் என்பது, நான் என் சிம்மைப் போட்டுப் பயன்படுத்தி வந்த நிலையில், காவல் நிலையத்திலிருந்து எனக்கே அழைப்பு வந்தபோதுதான் தெரிந்தது.

வாங்கும்போது சோதித்துத்தான் வாங்கினேன். *#06# அழுத்தி, ஒவ்வொரு மொபைலுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்த்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். மாடல் சரியாகவே வந்தது, முடக்கப்பட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. ஆனால் மொபைலைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக, சி.இ.ஐ.ஆர். என்ற மத்திய ஐ.எம்.இ.ஐ. பதிவேட்டில் முடக்கக் கோரும் வரை, திருட்டு மொபைலும் நல்ல மொபைலாகவே காட்டும். அவர் புகார் கொடுக்கத் தாமதிக்கும் நாட்களில் கைமாறும் மொபைலை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. முடக்கிய பிறகோ, அதில் போடப்படும் சிம்மின் விவரம் காவல்துறைக்குச் சென்றுவிடுகிறது.

ஆகவே, கடைக்காரர் அதை யாரிடம் வாங்கினார் என்பதற்கான ஆதாரமும், நமக்கு விற்றதற்கு அவர் தரும் பில்லும்தான் நமக்கு உண்மையான பாதுகாப்பு. நான் பில் கேட்டபோது, "பழைய சாமானுக்கெல்லாம் பில் கிடையாது சார்" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் "மொபைல் 1 – 8,500" என்று எழுதி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற ரப்பர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அதில் மாடல் இல்லை, ஐ.எம்.இ.ஐ. எண் இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. பிறகு அந்த மொபைலைத் தான் விற்கவே இல்லை என்று அவர் சாதித்தபோது, யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவு மட்டுமே எனக்குத் துணை நின்றது. பில் தராதிருப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது.

பெரிய நிறுவனங்களின் செயலிகளை விட்டு, நம் ஊர்க் கடைகளில் வாங்க வேண்டும் என்ற என் எண்ணம் இன்னும் மாறவில்லை. அதே தெருவில், மொபைலை விற்க வருபவரின் அடையாள அட்டை நகலையும் கையெழுத்தையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகே பணம் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. கேட்டால் முகம் சுளிக்காமல் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறார்கள். இப்படி ஒருவர் செய்யும் மோசடியால் அவர்களின் பிழைப்பிலும் மண் விழுகிறதே என்பதுதான், பணம் போனதைவிட எனக்குப் பெரிய வேதனை. கடையின் பெயரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் உள்ள பில்லை எழுதித் தர யாராவது தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே வாங்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் குறித்த புகாருக்கு அங்கே கட்டணம் ஏதும் இல்லை.