சண்டர்லாந்தும் சார்ல்டனும்: 2018-19 லீக் ஒன்னில் ஒருவர் ஏறினார், ஒருவர் ஏன் ஏறவில்லை

2018 ஆகஸ்ட் 4, இங்கிலாந்து கால்பந்தின் மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னில் சீசனின் முதல் நாள். சண்டர்லாந்தின் ஸ்டேடியம் ஆஃப் லைட்டில் சார்ல்டனோடு ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. 96-வது நிமிடத்தில் லிண்டன் கூச் தலையால் முட்டி 2-1 ஆக்கினார். 2019 மே 26, சீசனின் கடைசி நாள். லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இறுதிப்போட்டி, அதே இரண்டு அணிகள், அதே 1-1. 94-வது நிமிடத்தில் பேட்ரிக் பாவர் காலை நீட்டிப் பந்தை உள்ளே தள்ளினார். ஸ்கோரும் அதே 2-1தான், ஆனால் இந்த முறை சார்ல்டன் பக்கம். சார்ல்டன் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்குப் போனது. சண்டர்லாந்து மூன்றாம் டிவிஷனிலேயே தங்கியது.

இந்தத் தோல்விக்கு இன்றுவரை இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, ஜனவரியில் ஜோஷ் மாஜாவை விற்றது. இரண்டு, அவர் இடத்துக்கு வில் கிரிக்கை அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சார்ல்டனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது. சார்ல்டனும் அதே ஜனவரியில், அதே வாரத்தில், தன் முன்னணி கோல்காரரை விற்ற அணிதான்.

முதலில் புள்ளிப்பட்டியலின் முதல் ஆறு இடங்கள். 46 ஆட்டங்கள் முடிந்தபோது:

லூட்டன்: 27 வெற்றி, 13 டிரா, 6 தோல்வி, 94 புள்ளி
பார்ன்ஸ்லி: 26 வெற்றி, 13 டிரா, 7 தோல்வி, 91 புள்ளி
சார்ல்டன்: 26 வெற்றி, 10 டிரா, 10 தோல்வி, 88 புள்ளி
போர்ட்ஸ்மவுத்: 25 வெற்றி, 13 டிரா, 8 தோல்வி, 88 புள்ளி
சண்டர்லாந்து: 22 வெற்றி, 19 டிரா, 5 தோல்வி, 85 புள்ளி
டான்காஸ்டர்: 20 வெற்றி, 13 டிரா, 13 தோல்வி, 73 புள்ளி

முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். மூன்றிலிருந்து ஆறு வரை உள்ளவை மீதி ஒரே இடத்துக்காக பிளே-ஆஃப் ஆடும். இந்த ஆறு அணிகளில் மிகக் குறைவாகத் தோற்றது சண்டர்லாந்து. சார்ல்டன் அதைப்போல் இரண்டு மடங்கு தோற்றது, ஆனாலும் மூன்று புள்ளி மேலே. 19 டிரா என்ற எண்ணைப் பார்த்தவுடனே 'இதுதான் வியாதி' என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், அதற்குப் பிறகு வருவோம்.

ஜனவரி: விற்ற இருவர், நிரப்பிய விதம்

மாஜா 24 லீக் ஆட்டங்களில் 15 கோல் அடித்திருந்தார். ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது, புதுப்பிக்க அவர் தயாராக இல்லை. பிரான்ஸின் போர்தோவுக்கு விற்றார்கள். சார்ல்டனில் கார்லன் கிராண்ட் 28 லீக் ஆட்டங்களில் 14 கோல். அவரைப் பிரீமியர் லீக்கில் இருந்த ஹடர்ஸ்ஃபீல்டு எடுத்துக்கொண்டது. கோல் கணக்கில் இரண்டு இழப்பும் ஏறக்குறைய சமம்.

நிரப்பிய விதத்தில்தான் பாதை பிரிகிறது. சண்டர்லாந்தில் மாஜாவுக்கு நிகரான இன்னொரு கோல்காரர் இல்லை. விங்கர் எய்டன் மெக்கீடிதான் அடுத்த நம்பிக்கை. ஆகவே டிரான்ஸ்ஃபர் கெடுவின் கடைசி நாளில் விகன் கிளப்பிடம் கிரிக்குக்காகப் பேரம். ஒரே நாளில் தொகை மேலே மேலே ஏறி, கடைசியில் சுமார் 30 லட்சம் பவுண்டில் முடிந்தது. மூன்றாம் டிவிஷனுக்கு அது பெரிய பணம். நேரம் நெருங்க நெருங்க விற்பவர் கைதான் ஓங்கும். மாற்று ஆளைக் கையில் வைக்காமல் ஸ்டிரைக்கரை விற்றால் இதுதான் நடக்கும்.

கிரிக்கை மட்டமான ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. இதே டிவிஷனில் விகனுக்காக 2015-16இல் 25, 2017-18இல் 19 லீக் கோல் போட்டவர். ஆனால் அவர் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் வாழும் ஆள். குறுக்கே வரும் பந்துக்கு ஒரு அடி முன்னால் போய் நிற்பது அவர் தொழில். மாஜா முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, தானே திரும்பி, அரை வாய்ப்பையும் கோலாக்கிக்கொண்டிருந்தவர். அணியின் ஆட்டமோ பக்கவாட்டிலிருந்து விரைந்து பந்து போடும் ஆட்டம் அல்ல. பூட்டு ஒன்று, சாவி வேறு. கிரிக் அந்த அரை சீசனில் 18 லீக் ஆட்டத்தில் 4 கோல்.

சார்ல்டனுக்கு இந்தத் தலைவலி கிடையாது, ஏனென்றால் கிராண்டுக்குப் பக்கத்தில் லைல் டெய்லர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் அவர் 21 லீக் கோல். சார்ல்டன் மேனேஜர் லீ போயர் பெரிய பெயர் எதையும் தேடவில்லை. கில்லிங்கமிலிருந்து ஜோஷ் பார்க்கர், கிறிஸ்டல் பேலஸிலிருந்து ஜானி வில்லியம்ஸ், ராதர்ஹாமிலிருந்து லோனில், அதாவது கடனாக, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் (லெஃப்ட் பேக்) பென் பரிங்டன். அன்று செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்திருக்கக்கூடிய பெயர்கள். வெம்ப்ளியில் சார்ல்டனின் முதல் கோலை அடித்தது இந்த லோன் லெஃப்ட் பேக்தான். டெய்லர் தரையோடு குறுக்கே தள்ளிய பந்தை, தூரக் கம்பத்துக்கு ஓடி வந்து உள்ளே போட்டார்.

இந்தச் சுற்றில் சார்ல்டனுக்கே வெற்றி. சரி, அப்படியானால் கிரிக்தான் குற்றவாளியா?

கடைசி ஏழு ஆட்டங்கள்

இல்லை என்பதற்கு ஆதாரம் இங்கே. ஏப்ரல் 6 அன்று ராச்டேலை அதன் மண்ணில் 2-1 என்று வென்றபோது சண்டர்லாந்து 39 ஆட்டங்களில் 79 புள்ளி. அதே வேகத்தில் போயிருந்தால் 46 ஆட்டத்தில் 93 வந்திருக்கும். அதாவது பார்ன்ஸ்லியைத் தாண்டி இரண்டாம் இடம், பிளே-ஆஃப் பேச்சே இல்லை. அந்த 79இலும் 16 டிரா இருந்தது. டிரா நிறைய என்றாலும் ஓடக்கூடிய வண்டிதான் அது.

பிறகு நடந்தது இது (முதல் எண் சண்டர்லாந்தின் கோல்):

பர்ட்டன் 1-1
கோவென்ட்ரி 4-5, சொந்த மைதானத்தில்
டான்காஸ்டர் 2-0
பீட்டர்பரோ 1-1
போர்ட்ஸ்மவுத் 1-1
ஃப்ளீட்வுட் 1-2
சவுத்எண்ட் 1-2

ஏழு ஆட்டம், 6 புள்ளி. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது. சீசன் முழுக்கப் பட்ட ஐந்து தோல்வியில் மூன்று இந்த ஏழுக்குள் வருகிறது.

கோல்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் 39 ஆட்டத்தில் அடித்தது 69, ஆட்டத்துக்கு சுமார் 1.8. கடைசி ஏழில் அடித்தது 11, ஆட்டத்துக்கு சுமார் 1.6. முன்வரிசை சற்றே மங்கியது, அவ்வளவுதான். வாங்கிய கோல்? முதல் 39இல் 35, ஆட்டத்துக்கு 0.9. கடைசி ஏழில் 12, ஆட்டத்துக்கு 1.7. ஏறக்குறைய இரட்டிப்பு. மாஜா விற்பனைக்கும் கிரிக்கின் விலைக்கும் சம்பந்தமில்லாத இடத்தில், தடுப்புவரிசையில்தான் சீசன் கிழிந்தது. கோவென்ட்ரிக்கு எதிராக சொந்த மண்ணில் நான்கு கோல் அடித்தும் தோற்ற அணியின் சிக்கலை ஸ்டிரைக்கர் தலையில் கட்டுவது எப்படி நியாயம்?

கோவென்ட்ரியிடம் தோற்ற அதே ஏப்ரல் 13 அன்று சார்ல்டன் என்ன செய்தது தெரியுமா? 28 லீக் ஆட்டம் தோற்காமல் வந்த லூட்டனை 3-1 என்று நிறுத்தியது.

தடுப்பு ஏன் இளகியது என்றால், கால்கள்தான். மார்ச் 31 அன்று சண்டர்லாந்து வெம்ப்ளியில், கீழ் டிவிஷன் அணிகளுக்கான கோப்பையான செக்கட்ரேட் டிராஃபியின் இறுதிப்போட்டி ஆடியது. 85,021 பேர் கூடிய ஆட்டம். 2-2, கூடுதல் நேரம், பெனால்டியில் போர்ட்ஸ்மவுத்துக்கு 5-4. அந்தக் கோப்பைக்காக மட்டும் எட்டு ஆட்டம். மேலும், டிசம்பரில் அக்ரிங்டனில் மழை நீர் தேங்கி 1-1இல் பாதியில் கைவிட்ட லீக் ஆட்டத்தையும் ஏப்ரலுக்குத் தள்ளியிருந்தார்கள். ஏப்ரல் 3 முதல் மே 4 வரை 32 நாளில் ஒன்பது லீக் ஆட்டம். பிளே-ஆஃபையும் மற்ற கோப்பைகளையும் சேர்த்தால் அந்த சீசனில் மொத்தம் 61 ஆட்டம். கீழ் டிவிஷன் அணிகளில் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஐந்து நாளில் இரண்டு ஆட்டம் என்றாலே அதே சென்டர் பேக் மறுபடி இறங்க வேண்டும். கோப்பை ரசிகர்களுக்கு ஒரு நாள் திருவிழா. மேலே ஏறுவதுதான் குறி என்றால் காலிறுதியிலேயே கழன்றுகொள்வது லாபம். கேட்க நன்றாக இருக்காது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இதே டிராஃபியையும் ஆடி 88 எடுத்த போர்ட்ஸ்மவுத்தும் இருக்கிறது. கோப்பை அவர்களுக்கு, மேலே ஏறுவது மட்டும் அவர்களுக்கும் இல்லை.

டிரா விஷயத்துக்கு வருவோம்

75-வது நிமிடத்தில் 1-1. பயிற்சியாளருக்கு இரண்டு வழி: ஒரு மிட்ஃபீல்டரை எடுத்துவிட்டு இன்னொரு ஸ்டிரைக்கரை இறக்குவது, அல்லது இருக்கும் ஒரு புள்ளியைக் காப்பது. வென்றால் கூடுதலாக 2 புள்ளி, தோற்றால் 1 நஷ்டம். ஆகவே தோற்கும் வாய்ப்பு, வெல்லும் வாய்ப்பைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டாதவரை சூதாடுவதே சரி. பட்டியலில் மேலே இருக்கும் அணி கீழே இருக்கும் அணியோடு ஆடும்போது இது ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். மேலிடத்துப் போட்டியாளரோடு ஆடும்போது மட்டும் இன்னொன்று சேர்கிறது: நீங்கள் இழப்பது அவருக்கு மூன்று புள்ளி.

மேனேஜர் ஜாக் ராஸின் சண்டர்லாந்து இதைத் தலைகீழாகச் செய்யவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்தது. மேலே முடித்த நான்கு அணிகளோடு எட்டு ஆட்டத்தில் 2 வெற்றி, 5 டிரா, 1 தோல்வி. அங்கே டிரா பரவாயில்லை. ஆனால் மீதி 14 டிரா பட்டியலில் கீழே இருந்தவர்களோடு. அவற்றில் நான்கை வெற்றியாக்கியிருந்தால் 93. மூன்று போதாது, 91இல் பார்ன்ஸ்லியோடு சமமாகி, கோல் வித்தியாசத்தில் 41க்கு எதிராக 36 சொச்சம் வைத்துக்கொண்டு மூன்றாம் இடத்தில் நின்றிருப்பார்கள். போயர் அணி இதில் துணிந்தது. பத்துத் தோல்வி அதன் விலை, 26 வெற்றி அதன் பலன்.

பிளே-ஆஃப்

இங்கே சார்ல்டனைப் பெரிதாகப் புகழ வேண்டாம். அரையிறுதியில் டான்காஸ்டரோடு மொத்தம் 4-4 ஆகி, பெனால்டியில் 4-3 என்று தப்பியது. சண்டர்லாந்தோ முதல் ஆட்டத்தில் கிறிஸ் மக்வயர் கோலால் 1-0 முன்னேறி, ஆலிம் ஓஸ்டுர்க் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும் பத்துப் பேரோடு தாங்கி, போர்ட்ஸ்மவுத் மண்ணில் 0-0 என்று கதவைச் சாத்தியது. அரையிறுதியை மட்டும் பார்த்தால் சண்டர்லாந்துதான் உறுதியான அணி.

இறுதிப்போட்டியில் ஐந்தாவது நிமிடத்திலேயே பரிசு. நாபி சார் தன் கோல்கீப்பர் டில்லன் ஃபிலிப்ஸுக்குத் தள்ளிய பந்து அவர் காலடியில் நழுவி வலைக்குள் உருண்டது. சண்டர்லாந்து உழைக்காமலே 1-0. இங்கேதான் பழைய வழக்கம் தலைகாட்டியது: முன்னிலை கிடைத்ததும் இரண்டாவது கோலுக்கு ஓடாமல் பின்வாங்குவது. மேக்ஸ் பவர் காயத்தால் பத்து நிமிடத்துக்குள் வெளியே. மெக்கீடி கால் காயத்திலிருந்து முழுதாய் மீளாமல் பெஞ்சில். 35-வது நிமிடத்தில் பரிங்டன் சமன் செய்தார். பிறகு இரண்டாம் பாதி முழுக்க யார் முதலில் தவறுவார்கள் என்ற காத்திருப்பு. கடைசியில் ஜோஷ் கல்லன் போட்ட பந்து, பாவரின் தலை, தடுப்பில் பட்டுத் திரும்பியது, மறுபடி பாவரின் கால். முதல் முட்டு தடுபட்ட பிறகு அந்தப் பந்துக்கு முதலில் நகர்ந்தது சார்ல்டன்காரர்.

ஒப்பிட மூன்றாவதாக 2021-22

அதே சண்டர்லாந்து, மூன்று வருடம் கழித்து. 24 வெற்றி, 12 டிரா, 10 தோல்வி, 84 புள்ளி, மறுபடி ஐந்தாம் இடம். 2018-19ஐ விட ஒரு புள்ளி குறைவு, தோல்வி இரண்டு மடங்கு. போல்டனிடம் 6-0 வாங்கி மேனேஜரை மாற்றிய சீசன் அது. ஆனால் அலெக்ஸ் நீல் வந்த பிறகு முடிவு நேர்மாறு: லீக்கின் கடைசி 13 ஆட்டமும் தோற்கவில்லை, பிளே-ஆஃபின் மூன்றிலும் தோற்கவில்லை. ராஸ் ஸ்டுவர்ட் என்ற ஸ்டிரைக்கர் 24 லீக் கோலோடு சீசன் முழுக்க இருந்தார். ஜனவரியில் அவரை விற்கவில்லை. வெம்ப்ளியில் வைகோம்பை 2-0 என்று வென்றபோது முதல் கோல் எலியட் எம்பிள்டன், இரண்டாவது ஸ்டுவர்ட். இந்த முறை 1-0இல் நிற்கவில்லை.

சார்ல்டனோ ஒரே வருடத்தில், 48 புள்ளியோடு, மறுபடி லீக் ஒன்னுக்கு இறங்கி வந்திருந்தது.