பல்லாங்குழிப் பலகை: 14 மாதம் பயன்படுத்திய அனுபவம்

போன வருடம் மகனுக்கு ஏழு வயது. போன் அமைப்புகளில் போய்ப் பார்த்தால், ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம் பார்க்கிறான் என்று காட்டியது. 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டுதல்.

முதலில் நேரப் பூட்டு ஆப் போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரை நின்றுவிடும். பூட்டு சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதற்கப்புறம் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அழுதான், அடுப்படியில் என்னையே சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு வாரத்தில் நானே பூட்டைத் திறந்துவிட்டேன்.

பங்குனியில் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு அத்தை வீட்டுக்குப் போனோம். புளி தட்டும் நாட்கள் அவை. தட்டிய கொட்டையில் ஒரு பிடி அள்ளி, தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டு, "வாடா, ஆயாகூட ஒரு ஆட்டம்" என்று அத்தை உட்கார வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டும் அவன் எழுந்து வரவில்லை. அடுத்த வாரமே மடக்கு வைத்த மரப் பலகை ஒன்று வாங்கினேன்.

குழிக்கு ஐந்து வீதம் 70 கொட்டை. கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அது குழிக்காரருக்கு. மூன்றாவது மாதத்தில், எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று உதடு அசைய எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தான். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

குறைகளும் உண்டு. ஆறாவது மாதம் மடக்குத் திருகு கழன்றுவிட்டது. கார்த்திகை மழையில் கொட்டைகளில் வண்டு துளைத்து மாவு கொட்டியது. புதுப் புளி வரும்வரை சோழி வைத்து ஓட்டினோம். இந்த வருடக் கொட்டையை நன்றாக வெயிலில் காயவைத்து, இறுக்கமான டப்பாவில் போட்டிருக்கிறேன். தங்கையின் கைக்குழந்தை வந்தால் டப்பா பரணுக்குப் போய்விடும். எதையும் வாயில் போடும் வயது, கொட்டை தொண்டையில் சிக்கிவிடும்.

பெரிய சிரமம் வேறு: எதிரில் ஒருவர் உட்கார வேண்டும். உட்கார்ந்துகொண்டு நான் போனை எடுத்தால், "அம்மா, உன் ஆட்டம்" என்று இரண்டு முறை சொல்வான், மூன்றாவது முறை எழுந்து போய்விடுவான். அதனால் ஏழு மணிக்கு என் போனும் அலமாரிக்குப் போகிறது. சமையலை ஆறரைக்கே முடிக்கிறேன்.

இப்போது அவன் போன் பார்ப்பது பள்ளி நாட்களில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. பூட்டு இன்னும் இருக்கிறது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்திவிட்டேன். பாதியில் பிடுங்காமல் முடிவில் நிறுத்தும்போது அழுகை குறைகிறது.

வாங்குகிறவர்கள் குழியில் விரல் விட்டுப் பாருங்கள். எங்களுடையது ஆழம் போதாமல், 12 கொட்டை சேர்ந்தாலே வெளியே உருள்கிறது. மடக்கு இல்லாத ஒரே கட்டைப் பலகை கிடைத்தால் அதையே எடுங்கள்.