மருந்து அடிக்கக் கூப்பிட்டால் முதலில் லேபிளைக் கேளுங்கள்

ஒரு வாரம் மருந்து அடிக்கும் வேலை என்று போய், நான்காம் நாளே ஆஸ்பத்திரியில் படுத்தவன் எழுதுகிறேன். மேஸ்திரி யார், எந்தத் தோட்டம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கூலி பேசும்போது கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் அங்கேயே இருக்கும் என்றார். போனால் மூக்கில் கட்ட ஒரு துண்டு கிடைத்தது. (துணி ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டால் மருந்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.) மருந்தும் லேபிள் இல்லாத பழைய தண்ணீர் கேனில் வந்தது. "என்ன மருந்து அண்ணே?" என்றேன். "பூச்சி மருந்துதான் தம்பி. நானே வருஷக்கணக்கா வெறுங்கையால கலக்குறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். வருகைக்கு என்று ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

முதுகு டேங்கின் மூடியில் வாஷர் போயிருந்தது. குனியும்போதெல்லாம் கொஞ்சம் வழியும். முதுகிலிருந்து இடுப்பு வரை சட்டை ஈரம். வியர்வை என்றே நினைத்துக்கொண்டேன். மருந்து மூச்சில்தான் ஏறும் என்பது என் நினைப்பு. தெளிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் இறங்குகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

நான்காம் நாள் தலைவலி, மங்கல் பார்வை. துப்பத் துப்ப வாயில் எச்சில் ஊறியது. தொடைச் சதை தானாகத் துடித்தது. "வெயில் மயக்கம், நிழலில் படு" என்றார் மேஸ்திரி. அந்த ஈரச் சட்டையோடே ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டிய நேரம் அது.

கூட வேலை செய்த அக்காதான் கண்ணைப் பார்த்துவிட்டு, "கருமணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கு, இது வெயில் இல்ல" என்று சத்தம் போட்டு வண்டி ஏற்றினார். டாக்டரும் டார்ச் அடித்துப் பார்த்தது அதைத்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்றார். நரம்பின் சைகையை அடக்குகிற ஒரு நொதியை அது முடக்கிவிடும். முடங்கிய நொதி சரியாக நாளாகும். அதனால்தான் முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாமல் சேர்ந்துகொண்டே போய் நான்காம் நாள் விழுந்திருக்கிறேன்.

அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஊசி ஏற்றினார்கள், பிழைத்தேன். ஆனால் "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எல்லா விஷத்துக்கும் இதே ஊசி வேலை செய்யாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. அந்தக் கேனில் அது இருந்திருந்தால்?

கூலி கேட்கப் போனேன். பாதியில் விட்டுப் போனதாகச் சொல்லி இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவைப் பேச்செடுத்ததும் அந்த வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். என் கையெழுத்துக்கு மேலே, "பாதுகாப்புச் சாதனங்கள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையதுதான், என்ன சொல்வது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001-இல் விவசாயப் பாதுகாப்புக்கென்றே 184-ஆம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தைப் பற்றி அறிந்துகொள்ளவும், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் வேலையிலிருந்து விலகவும், அதற்காகத் தண்டிக்கப்படாமல் இருக்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்கிறது அது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை; உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிலாளர் துறையிலோ சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், டேங்கைத் தூக்குமுன் லேபிளை போனில் படம் எடுங்கள். வேலை செய்த நாளையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

அதே மேஸ்திரி அடுத்த வாரத்துக்கு ஆள் கேட்டு அந்த அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் அக்கா. இன்னும் வரவில்லை.